எண்பிக்கும் சுமை யாருடையது? - கிறித்தவ, நாத்திக வாதங்கள் குறித்துத் தலவாக்கலையிலிருந்து ஒரு நோக்கு

நம்பிக்கைக்கும் நிரூபணத்துக்கும் இடையிலான முரண்பாடு பற்றித் தமிழில் எழுந்த வாதங்கள் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையவை. கிறித்தவர் தமது நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டென நிறுவ முயன்றனர். நாத்திகர் அவ்வாதாரம் போதாதெனக் காட்ட முயன்றனர். இருசாராரும் ஒருவரையொருவர் மறுத்தபோதும் ஒரு விடயத்தில் அவர்களிடையே உடன்பாடு இருந்தது. நிரூபணம் என்பது ஒரு கூற்றுக்கும் அதன் சான்றுக்கும் இடைப்பட்ட தொடர்பு மட்டுமே என்றும், அதனை யார் யாரிடம் கேட்கின்றார் என்பது வாதத்துக்குப் புறம்பானது என்றும் இருவரும் கொண்டனர். இவ்வுடன்பாட்டையே இக்கட்டுரையில் நாம் பரிசீலிக்க முற்படுகின்றோம். எமது நோக்குநிலை தலவாக்கலை. போதிய சான்று இல்லையென்று கூறி ஒரு மக்கட் கூட்டத்தின் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் மறுத்த வரலாற்றை அறிந்த ஊர் அது. அங்கிருந்து நோக்குமிடத்து, நிரூபணம் என்ற சொல் நூலகத்தில் ஒலிப்பதுபோல ஒலிப்பதில்லை.

முதலில் வாத மரபைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். இலங்கையில் இத்தகைய பகிரங்க வாதங்களுட் புகழ்பெற்றது 1873ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26, 28ஆம் திகதிகளில் நிகழ்ந்த பாணந்துறை வாதமாகும். படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தத்தின் சார்பில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும், கிறித்தவத்தின் சார்பில் டேவிட் த சில்வா பாதிரியாரும் சிறிமான்ன என்ற உபதேசியாரும் வாதிட்டனர். ஒவ்வொருவரும் மற்றவரின் நூலிலே முரண்பாடு கண்டனர். தமது நூலை அதே அளவுகோலுக்கு உட்படுத்த எவரும் முன்வரவில்லை. கடலுக்கு அப்பால், சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய 'தத்துவவிவேசினி', இங்கிலாந்தின் சுயசிந்தனையாளரிடமிருந்து பெற்ற வாதமுறையைத் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தது. 2012இல் அரசு பதிப்பித்த தொகுதிகளின் மூலம் அவ்வெழுத்துக்கள் இன்றைய வாசகரை எட்டியுள்ளன. நாத்திகம் தமிழில் நேற்று முளைத்ததன்று என்பதற்கு அவை சான்றாகும்.

இம்மரபின் இலங்கைத் தொடர்ச்சியாக ஆபிரகாம் கோவூரைக் (1898-1978) கொள்ளலாம். கேரளத்தில் மார்த்தோமா திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர் 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். தாவரவியல் கற்பித்தார். 1959இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின் பகுத்தறிவுப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்தார். 1963இல் அவர் விடுத்த அறைகூவல் யாவரும் அறிந்தது. மோசடிக்கு இடமற்ற நிபந்தனைகளின்கீழ் அதீத ஆற்றலைக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா பரிசு தருவதாக அவர் அறிவித்தார். முத்திரையிடப்பட்ட உறையினுள் உள்ள நாணயத்தாளின் இலக்கத்தைக் கூறுதல், தணலின்மீது கொப்புளமின்றி நிற்றல் முதலியன அப்பட்டியலில் அடங்கும். அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் பெறவில்லை.

கோவூரின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. பேய் பிடித்ததென அடிபட்ட பெண்களையும், சோதிடத்துக்குப் பணம் இழந்த குடும்பங்களையும் அவர் நேரிற் சென்று கண்டார். அவர் சவால் விட்டது வழிபடும் ஏழையை அன்று. ஆற்றல் தமக்கு உண்டெனக் கூறி அவ்வேழையிடம் காணிக்கை பெற்றவரையே. உரிமை கோரியவரிடமே அவர் சான்று கேட்டார். அவரது வெற்றியின் இரகசியம் இதுவே எனலாம்.

ஆயினும் அப்பட்டியலில் வேறு இரு நிபந்தனைகளும் உண்டு. தண்ணீரைப் பெற்றோலாகவோ திராட்சை இரசமாகவோ மாற்றுதல் ஒன்று. திராட்சை இரசத்தை இரத்தமாக மாற்றுதல் மற்றொன்று. இவை கானாவூர்த் திருமணத்தையும் நற்கருணையையும் கருதியவை என்பது வெளிப்படை. 1551இல் திரெந்துப் பொதுச்சங்கம் வகுத்த கோட்பாட்டின்படி, நற்கருணையில் உட்பொருள் மாறுகின்றது. நிறம், சுவை, மணம் ஆகிய புறத்தோற்றங்கள் மாறுவதில்லை. எனவே இரசாயனப் பரிசோதனையிற் புலப்படும் மாற்றம் எதனையும் திருச்சபை வாக்களிக்கவில்லை. திருச்சபை கூறாத ஒன்றையே கோவூர் நிரூபிக்கக் கேட்டார். மறுபுறம், எந்தப் பரிசோதனையாலும் பொய்யாக்க முடியாதவாறு தன் கூற்றை அமைத்துக்கொண்ட திருச்சபை, அதே கூற்றின் பெயரால் மனிதரின் திருமணம், கல்வி, அடக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாத்திரம் இவ்வுலகிலேயே வைத்துக்கொண்டது. நாத்திகர் தவறான இடத்திற் சான்று கேட்டனர். கிறித்தவ வாதிகளோ சரியான இடத்திற் கேட்டபோதும் பதில் கூறாது தப்பினர். வாதம் முட்டுச்சந்தில் நின்றது.

இம்முட்டுச்சந்துக்கு வழிகோலியவர்களுள் ஒருவராகக் கருதப்படும் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிளிபோர்டை மீண்டும் வாசிக்கும்போது, அதிலிருந்து வெளியேறும் வழியையும் அவரே காட்டியுள்ளமை புலனாகின்றது. 1877இல் வெளியான 'நம்பிக்கையின் அறவியல்' என்ற கட்டுரையில், போதிய சான்றின்றி எதனையும் நம்புவது எவருக்கும் எக்காலத்தும் தவறு என அவர் வாதிட்டார். நாத்திகர் இப்பொது விதியையே எடுத்தாண்டனர். கிறித்தவர் 1896இல் வில்லியம் ஜேம்ஸ் அளித்த மறுமொழியைத் துணைக்கொண்டனர். சான்றுகளால் முடிவுகாண இயலாத, ஆனால் வாழ்வில் தவிர்க்கவும் இயலாத வினாக்களில் நம்புவதற்கு மனிதனுக்கு உரிமையுண்டு என்பது ஜேம்ஸின் நிலைப்பாடு. இரு கட்டுரைகளும் பல்கலைக்கழகப் பாடநூல்களில் எதிரெதிராக வைக்கப்படுவது வழக்கம்.

ஆனால் கிளிபோர்டின் கட்டுரை விதியோடு தொடங்கவில்லை; ஒரு கப்பலோடு தொடங்குகின்றது. நாட்டை விட்டுக் குடிபெயரும் ஏழைகளை ஏற்றிச்செல்லும் பழைய கப்பல் ஒன்றின் உரிமையாளன், அது பழுதுபட்டது என்ற ஐயத்தைத் தன் மனத்தில் அடக்கிக்கொள்கின்றான். இறைவன் காப்பான் என நம்புகின்றான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகின்றது. அவன் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு மௌனமாகின்றான். அவனது நம்பிக்கை உண்மையானதாயினும் அவன் குற்றவாளியே என்பது கிளிபோர்டின் தீர்ப்பு.

மலையகத் தமிழருக்கு இது வெறும் உவமையன்று. இவ்வாறு குடிபெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்களே அவர்கள். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளரை ஏற்றிவந்த ஆதிலட்சுமி என்ற கப்பல் 1864இல் மூழ்கியதை மலையக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அக்கரையிலிருந்து கிளிபோர்டை வாசிக்கும் ஒருவருக்கு அவரது விதியைவிட அவரது எடுத்துக்காட்டே முதன்மையாகத் தோன்றும். கப்பலின் மேற்றளத்தில் நின்று பிரார்த்தித்த பயணியிடம் கிளிபோர்ட் சான்று கேட்கவில்லை. பிறர் உயிரைத் தன் நம்பிக்கையின்மீது ஏற்றி அனுப்பியவனிடமே கேட்டார். நம்பிக்கை பிறரது வாழ்வைத் தீர்மானிக்கும் இடத்திலேயே எண்பிக்கும் கடமை பிறக்கின்றது. ஜேம்ஸ் கோரிய உரிமையும், தன் வாழ்வைத் தானே பணயம் வைப்பவனுக்கு உரியதேயன்றிக் கப்பலுடையவனுக்கு உரியதன்று. இவ்வாறு வாசித்தால் இரு கட்டுரைகளும் ஒன்றையொன்று அழிப்பதில்லை.

இனித் தலவாக்கலைக்கு வருவோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. தலவாக்கலைத் தொகுதியில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தெரிவானார். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்த ஒருவர், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தவர்கள் என்பதையோ காட்டவேண்டியிருந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முற்பட்ட பத்தாண்டுகள், மணமானவராயின் ஏழாண்டுகள், இடையறாது வதிந்தமையை எண்பிக்கக் கோரியது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேரே பதிவு செய்யப்பட்டனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் ஓர் ஆசனத்தையும் பெறவில்லை. வாக்களிக்க வேண்டியவர்களின் பெயர்கள் இடாப்பிலேயே இல்லை.

இங்கு கிளிபோர்டின் கப்பல் தலைகீழாயிற்று. கப்பலின் உரிமையாளனிடம் எவரும் எதனையும் கேட்கவில்லை; பயணிகளே சான்று காட்டவேண்டியவராயினர். கங்காணியின் கடன் கணக்கு ஒருகாலத்தில் விசாரணையின்றி ஏற்கப்பட்டது. அக்கடனைக் குறித்த துண்டு முறை 1921இற்றான் ஒழிந்தது. தோட்டக் கணக்குப்பிள்ளை எழுதிய அரைப்பேரும் விசாரணையின்றி ஏற்கப்பட்டது. லயத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவரின் வாய்மொழி மட்டும் சான்றாகவில்லை. தலவாக்கலைக்கு அருகே சென் கூம்ஸ் தோட்டத்தில், 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. ஓர் உரம் விளைச்சலைப் பெருக்கும் எனக் கூறுபவரே அதனைப் பரிசோதித்துக் காட்டவேண்டும் என்பது அங்குள்ள விஞ்ஞான ஒழுங்கு. தேயிலைச் செடி எதனையும் எண்பிக்க வேண்டியதில்லை. செடிக்குக் கிடைத்த நியாயம் அதன் கொழுந்தைப் பறித்தவருக்குக் கிடைக்கவில்லை.

தந்தையை அறிவது எவ்வாறு என்ற வினா தமிழருக்குப் புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதையில், வஞ்சி நகரத்துப் பூதவாதி, கண்கூடான காட்சியன்றி வேறு அளவையை ஏலான். அவனை நோக்கி மணிமேகலை சிரித்து, உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என வினவுகின்றாள். பொருள்முதல்வாதத்தை மடக்க ஒரு சமய நூல் கையாண்ட உத்தி இது. ஆனால் அதன் உண்மை இன்னும் ஆழமானது. மனிதன் தன்னைப்பற்றி அறிந்தவற்றுட் பெரும்பகுதி பிறர் சொல்லை நம்பி அறிந்ததேயாகும். சட்டமியற்றியோரும் தம் பூட்டன் பிறந்த ஊரை அவ்வாறே அறிந்திருந்தனர். ஒரு வேறுபாடே உண்டு: அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

இவ்விடத்திற் கிறித்தவரும் நாத்திகரும் எங்கே நின்றனர் என்பது எமது விமரிசனத்தின் உரைகல்லாகின்றது. 1854இல் தோட்டத்துரைமாரின் ஆதரவுடன் தோன்றிய தமிழ்க் கூலி மிஷன், ஆன்மாவின் மீட்புக்கு ஆதாரம் கூறியது. கூலி விகிதத்துக்கு ஆதாரம் கேட்கவில்லை. அதே சமயத்தின் மறுபக்கமாக, 1972இல் கண்டியில் போல் கஸ்பர்ஸ் அடிகளார் தொடங்கிய சத்தியோதய நிலையம் நாடற்றோரின் உரிமைக்காகத் தொடர்ந்து குரல்கொடுத்தது. நாத்திகர் பக்கத்திலும் இத்தகைய இருமை உண்டு. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சி, 1964இல் அரசாங்கத்திற் பங்காளியாக இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டவரிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. வரலாற்றின் திசை தமக்குத் தெரியும் என்ற நம்பிக்கையும் சான்றின்றிப் பிறரை ஏற்றிச்சென்ற ஒரு கப்பலே. முற்போக்காளராகிய நாம் இதனைக் கூறாது விடின், பிறரிடம் சான்று கேட்கும் தகுதியை இழந்தவராவோம்.

எமது வாதத்துக்கு ஓர் ஆட்சேபம் எழலாம். கடவுள் உண்டா என்ற வினாவை விட்டு அதிகாரம் பற்றிய வினாவுக்கு நாம் தாவிவிட்டோம் என்பர். கடவுள் உண்டா என்பது உண்மையான வினாவே. அதனை இக்கட்டுரை தீர்க்கவில்லை. தீர்த்ததாகப் பாவனை செய்யவும் இல்லை. ஆனால் ஒருவர் மற்றவருக்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவரா என்பது வேறொரு வினா. அதற்கு விடை கூற இயலும். ஏழையின் நம்பிக்கை என்பதனால் மாத்திரம் எதுவும் விசாரணைக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. காய்ச்சலிற் கிடக்கும் குழந்தையை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லாது விபூதியோ செபமோ போதுமென இருத்தும் தாயும் அக்கணத்திற் கப்பலுடையவளே. அவளிடம் நாம் கேட்கவே வேண்டும். அதே தாய் மாலையில் மாதா சொரூபத்தின்முன் ஏற்றும் மெழுகுவர்த்திக்கு எவரிடமும் சான்று காட்டவேண்டியதில்லை.

நாடற்றோரின் வழக்கு 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் ஏட்டளவில் முடிவுக்கு வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வாழ்ந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசைகளாக ஏற்கப்பட்டனர். அதற்கிடையில் இலட்சக்கணக்கானோர் கப்பலேறியிருந்தனர். அவர்களிடம் நாற்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்ட சான்று எத்தகைய உண்மையைக் கண்டறியக் கேட்கப்பட்டது என்பதற்கு, அதனைக் கேட்டவர்கள் இன்றுவரை சான்று காட்டவில்லை. நம்பிக்கை, நிரூபணம் பற்றி எமது பல்கலைக்கழகங்களில் இனி நிகழும் வாதங்கள் இவ்விடத்திலிருந்து தொடங்குதல் பயனுடையதாகும் என நாம் கருதுகின்றோம்.