கோக்கோக் கொட்டையில் கூலி

எங்கள் காலனியில் ராத்திரிப் பள்ளி நடத்துகிறோம். பெரிதாக ஒன்றுமில்லை. சமுதாயக்கூடத்துத் திண்ணை, ஒரு பல்பு, பதினைந்து இருபது பிள்ளைகள். கணக்கும் இங்கிலீசும் முடிந்ததும் ‘கதை சொல்லுங்கணா’ என்று உட்கார்ந்துவிடுவார்கள். போன மழைக்காலத்தில் ரோல்ட் டால் எழுதிய ‘சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்’ நாவலை எடுத்துக்கொண்டேன். இங்கிலீஷ் புத்தகம் கையில் இருக்கும், வாய் தமிழில் சொல்லிக்கொண்டு போகும். பத்துப் பன்னிரண்டு ராத்திரி ஓடியது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சிறுவர் நாவலுக்கெல்லாம் இந்தப் பக்கங்களில் இடமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். புராணத்தையும் காப்பியத்தையும் நவீன நாவலையும் கட்டுடைத்துக் காட்டியவர்கள், பிள்ளைகள் படிப்பதை மட்டும் பிள்ளைகளிடமே விட்டுவிட்டோம். யார் பேசலாம், யார் வாய் மூடி இருக்கணும் என்பதெல்லாம் பத்து வயசுக்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிற சங்கதி. எம்.ஏ. படிக்கும்போது வந்து சேருவதில்லை.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சார்லி பக்கெட் ஓர் ஏழைப் பையன். ஒரே கட்டிலில் நாலு கிழங்கள். அப்பாவுக்குப் பற்பசைத் தொழிற்சாலையில் டியூபுக்கு மூடி திருகும் வேலை, அந்தத் தொழிற்சாலையும் மூடிவிடுகிறது. முட்டைக்கோஸ் தண்ணிதான் சாப்பாடு. அதே ஊரில் வில்லி வோங்கா என்பவனுடைய மாபெரும் சாக்லேட் தொழிற்சாலை இருக்கிறது. உள்ளே யாரும் போவதில்லை, யாரும் வெளியே வருவதில்லை. ஐந்து சாக்லேட் உறைகளுக்குள் ஐந்து தங்கச் சீட்டு. சீட்டுக் கிடைத்த பிள்ளைகள் உள்ளே போய்ப் பார்க்கலாம். பணக்காரச் செருக்கும் பேராசையும் பிடித்த நாலு பிள்ளைகள் ஒவ்வொருவராக மாட்டிக்கொள்ள, கடைசியில் சார்லி மட்டும் மிஞ்சுகிறான். தொழிற்சாலை அவனுக்கே.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பசியை இந்த வெள்ளைக்காரர் நன்றாக எழுதியிருக்கிறார். சார்லி தெம்பை மிச்சம் பிடிக்க ஆரம்பிக்கிறான். ஓடாமல் மெல்ல நடந்து போகலாம் என்று பள்ளிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கிளம்புகிறான். இடைவேளையில் மற்ற பிள்ளைகள் பனியில் ஆட, இவன் வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறான். இந்த இடம் வந்தபோது திண்ணையில் சத்தமே இல்லை. பசித்த உடம்பு தன்னைத்தானே சிக்கனமாகச் செலவழிக்கும் என்பதை விடுதிச் சோறு தின்று வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியும். டாலுக்கு எப்படித் தெரிந்ததோ.

பசியை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்த ஆள், கூலியைப் பார்க்கும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டார் என்பதுதான் என் கேள்வி.

வோங்காவிடம் முன்னே ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்தார்கள். போட்டி முதலாளிகளின் வேவுகாரர்கள் உள்ளே புகுந்து ரகசியத்தைத் திருடுகிறார்கள் என்று எல்லாரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அப்புறம் ஒருநாள் புகைபோக்கியில் மறுபடியும் புகை. உள்ளே வேலை செய்வது யார் என்று ஊருக்குத் தெரியாது. அவர்கள்தான் உம்பா லும்பாக்கள். (பெயரை நெடிலில் அப்படியே சொன்னால் எங்கள் பையன்கள் வேறு மாதிரி சிரிக்கிறார்கள். குறிலாக்கிச் சொன்னேன். மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.) முழங்கால் உயரம். கம்பளிப்பூச்சியைத் தின்று உயிர்வாழ்ந்தவர்கள். கோக்கோக் கொட்டைக்கு ஏங்கியவர்கள். வோங்கா அவர்கள் தலைவனிடம் போய், வேண்டிய மட்டும் கோக்கோ தருகிறேன், கூலியையே கோக்கோவாகத் தருகிறேன் என்று பேசி, ஆண் பெண் குழந்தை என மொத்த இனத்தையும் ஓட்டை போட்ட பெட்டிகளில் அடைத்துக் கடத்திக்கொண்டு வருகிறான்.

1964இல் அமெரிக்காவில் வெளிவந்த முதல் பதிப்பில் இவர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்புக் குள்ளர்கள். படமும் அப்படித்தான் போட்டிருந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சம உரிமைக்காகத் தெருவில் நின்ற காலம் அது. என்.ஏ.ஏ.சி.பி. எதிர்ப்புத் தெரிவித்தது. 1972இல் ‘ஹார்ன் புக்’ இதழில் எலினார் கேமரன் கடுமையாக விமர்சித்தார், டால் கோபமாகப் பதில் எழுதினார். பிறகு 1973இல் திருத்திய பதிப்பு வந்தது. கறுத்த தோல் ரோஜா வெள்ளையானது, தலைமயிர் பொன்னிறமானது, ஆப்பிரிக்கா போய் ‘லும்பாலாந்து’ வந்தது. அதற்கு முன்பே 1971 சினிமாவில் ஆரஞ்சுத் தோலும் பச்சை மயிரும் கொடுத்துவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

எனக்கு இங்கேதான் நாவல் ஆரம்பிக்கிறது. பெயிண்ட் அடித்தவர்கள் எதையெல்லாம் தொடவில்லை? ஓட்டை போட்ட பெட்டி அப்படியே இருக்கிறது. கோக்கோக் கூலி அப்படியே இருக்கிறது. விரல் சொடுக்கினால் ஓடி வருவது, யாருக்கும் தனிப்பெயர் இல்லாதது, தொழிற்சாலைக்குள்ளேயே பிறந்து உழைத்துச் சாவது, எல்லாம் இருக்கிறது. நிறத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் நிற்பது என்ன? ஒரு கூட்டம் முழுவதற்கும் பிறப்பாலேயே ஒரு வேலை, அதைவிட்டு வெளியேற வாசல் கிடையாது, அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதற்கு முதலாளியே சாட்சி. இதற்கு நம்ம ஊரில் வேறு பெயர். வேலையை மட்டுமல்ல ஆட்களையே பிரித்து அடுக்குகிற ஏற்பாடு சாதி என்று அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் (1936) வாதிட்டது இதைத்தான். அந்த அடுக்குக்குத் தோல் நிறம் தேவைப்படவில்லை. நிறவெறியைத் துடைத்ததாக நினைத்து, தெரியாமலேயே ஒரு சேரியை வரைந்து வைத்துவிட்டார்கள்.

என் தாத்தா படியாள். படி அளப்பதால் படியாள். ‘நாம வெளைய வெச்சதையே நமக்குக் கூலியா அளப்பாண்டா, அதுலயும் பதரு’ என்பார். கோக்கோவை அரைப்பவனுக்குக் கோக்கோவே கூலி என்பது டாலுக்கு வேடிக்கையான கற்பனை. சாக்லேட் தொழிலுக்கே அது கற்பனை இல்லை. போர்ச்சுகல் ஆண்ட சாவோ டோமே தீவின் கோக்கோத் தோட்டங்களில் அங்கோலாவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள் வேலை செய்ததை ஹென்றி நெவின்சன் நேரில் போய்ப் பார்த்து 1906இல் புத்தகமாக எழுதினார். கேட்பரி உள்ளிட்ட பிரிட்டிஷ் கம்பெனிகள் அங்கே கோக்கோ வாங்குவதை நிறுத்தியது 1909இல்தான். ரெப்டன் பள்ளியில் டால் படித்தபோது கேட்பரி புதுச் சாக்லேட்டுகளை ருசி பார்த்துச் சொல்ல மாணவர்களுக்கு அனுப்பியது, அதிலிருந்தே இந்த நாவலுக்கான விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். வாலிபத்தில் ஷெல் கம்பெனி வேலையாக டாருஸ்ஸலாமில் வேலைக்காரர்கள் சூழ வாழ்ந்தவர் அவர். இன்றைக்கும் உலகக் கோக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது, அந்தத் தோட்டங்களில் பிள்ளைகள் வெட்டுக்கத்தி பிடிக்கிறார்கள்.

உம்பா லும்பாக்கள் ஒருநாள் ஒரு கைப்பிடி கோக்கோ கூடுதலாகக் கேட்டால்? டால் அந்த அத்தியாயத்தை எழுதவில்லை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள்.

இன்னொரு இடம். மென்றால் மூணு வகைச் சாப்பாட்டு ருசி வரும் பபிள்கம்மை வயலட் என்ற பெண் மென்று நீலப்பழமாக ஊதிவிடுகிறாள். சாறு பிழிந்து சரிபண்ண அவளை அவசரமாக உருட்டிக்கொண்டு போகிறார்கள். அப்போது வோங்கா போகிற போக்கில் சொல்கிறான், இதை இருபது உம்பா லும்பாக்களிடம் சோதித்தேன், இருபது பேரும் பழமாகத்தான் ஆனார்கள் என்று. அந்த இருபது பேரைப் பிழிந்தார்களா? தெரியாது. மிதக்க வைக்கும் சோடாவைக் குடித்த கிழவன் ஒருவன் மேலே மேலே போய்க் காணாமலே போனான். இதுவும் ஒரு ஜோக். நானும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன், இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது. மலக்குழிக்குள் இறங்கியவன் மேலே வராதபோது செய்தித்தாள் போடுகிற இரண்டு வரியிலும் பெயர் இருக்காது, ‘தொழிலாளி’ என்றுதான் இருக்கும்.

சார்லியைக் கொண்டாடவும் எனக்கு மனசு வரவில்லை. அவன் செய்த நல்ல காரியம் என்ன? எதையும் தொடவில்லை, எதையும் கேட்கவில்லை. கேட்காத ஏழைக்குத் தொழிற்சாலை பரிசு. தன் வழிக்கு மாறாமல் நடத்துவான் என்றுதான் வோங்கா பெரியவரைத் தேடாமல் ஒரு நல்ல பிள்ளையைத் தேடுகிறான். ‘நீ அந்தத் தெருப் பையன் மாதிரியே இல்லடா’ என்று ஒரு வாத்தியார் என்னைத் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு நான் பூரித்துத்தான் போனேன். வெட்கமாக இருக்கிறது எழுத. முதல் கைப்படியில் சார்லியே கறுப்புப் பையனாக இருந்தான் என்று டாலின் மனைவி 2017இல் ஒரு பேட்டியில் சொன்னார். அந்தப் பையன் வந்திருந்தால் உம்பா லும்பாக்களின் முகத்தைப் பார்த்து என்ன பேசியிருப்பான் என்று யோசிக்கிறேன்.

2005 சினிமாவில் எல்லா உம்பா லும்பாக்களாகவும் ஒரே ஆள் நடித்தார். டீப் ராய், கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி. ஒரே முகத்தை நகலெடுத்துக் கூட்டமாக நிறுத்தினார்கள். 2023இல் பதிப்பகம் டாலின் புத்தகங்களில் ‘குண்டு’ போன்ற சொற்களை எடுத்தது, சத்தம் கிளம்பியதும் பழைய வடிவத்தையும் அச்சில் வைப்பதாக அறிவித்தது. இரண்டு கட்சியும் சொல்லுக்காகச் சண்டை போட்டன. கூலியைப் பற்றி இந்தத் தடவையும் யாரும் மூச்சு விடவில்லை.

இதனால் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறேனா? இல்லை. பணக்கார வெருகாவை அணில்கள் தூக்கிக் குப்பைக் குழியில் எறிந்தபோது எங்கள் திண்ணை குலுங்கிச் சிரித்தது. உம்பா லும்பா பாட்டுக்குப் பையன்கள் தகர டின்னைத் தட்டி அடி பிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதலாளியின் நீதியைத்தான் அந்தப் பாட்டுகள் பாடுகின்றன என்பது வேறு. கோயில் விசேஷத்துக்கு அடிக்க மட்டும் நம்மை ஊருக்குள் கூப்பிடுகிற மாதிரி.

வெருகாவின் அப்பன் கடலை வியாபாரி. மகளுக்குச் சீட்டு வேண்டுமென்று லட்சக்கணக்கில் சாக்லேட் வாங்கிக் குவித்து, கடலை உரிக்கும் நூறு பெண்களையும் உறை உரிக்கச் சொல்கிறான். நாலாம் நாள் சாயங்காலம் ஒருத்தி கத்துகிறாள், கிடைச்சிடுச்சு என்று. குடு என்று வாங்கிக்கொள்கிறான். அவ்வளவுதான், அவள் கதையில் அப்புறம் இல்லை. இந்தப் பத்தியை நான் வேகமாகத் தாண்டப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் மல்லாட்டை உரிக்கப் போகிறவர்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது முதலாளி முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வரணும். ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி நிறுத்தினாள்.

‘கண்டுபுடிச்சது அந்தம்மா தானணா? அவங்களுக்கு என்ன குடுத்தாங்க?’

புத்தகத்தில் இல்லை என்றேன்.

அடுத்த வாரம் அவளைக் கதை சொல்லச் சொன்னேன். சார்லியை அவள் பாதியிலேயே விட்டுவிட்டாள். அவள் சொன்ன கதையில் அந்தப் பொம்பளை கத்தவே இல்லை. சீட்டைச் சுருட்டிக் கொண்டைக்குள் சொருகிக்கொண்டு, பேசாமல் மறுபடியும் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

‘அப்புறம்?’ என்று பையன்கள் கேட்டார்கள்.

‘அப்புறம் என்ன, சாயங்காலம் மடிய ஒதறிக் காட்டிட்டு ஊட்டுக்குப் போயிட்டா.’