மன்னிப்பின் முக்காலம்: பேராயர் வில்சனின் அருளுரை

பேச்சாகப் பிறந்து எழுத்தாக நிலைபெறுவது அருளுரை. முழங்கிய குரல் ஓய்ந்தபின் அச்சுப் பக்கத்தில் எஞ்சுவன கருத்தும் நேர்மையுமே. இவ்வுரைகல்லில் தேறும் அருளுரைகள் சிலவே. அவற்றுள் ஒன்று நம் மண்ணோடு தொடர்புடையது. 1946 அக்டோபர் 13ஆம் நாள் பி.பி.சி. வானொலியில் பேராயர் ஜான் லெனர்ட் வில்சன் ஆற்றி, பின்னர் அச்சில் வந்த உரையே அது. எச்சமயத்தாரும் அதனை உரைநடைக்குச் சான்றாகக் கற்கலாம்.

இங்கிலாந்தில் பிறந்த வில்சன் (1897–1970), 1941இல் சிங்கப்பூர்ப் பேராயரானார். மலாயாவும் அப்பேராயத்தில் அடங்கியிருந்தது. ஜார்ஜ் டவுனில் 1818இல் எழுப்பப்பெற்ற செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மறு ஆண்டு அவர் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குச் சாங்கியில் இருந்தோர் உடந்தை என ஐயுற்ற சப்பானிய இராணுவக் காவற்படையான கெம்பெய்த்தாய், 1943 அக்டோபரில் தொடங்கி 57 பேரைப் பிடித்து வதைத்தது. 15 பேர் மாண்டனர். வதைக்கப்பட்டு உயிர் தப்பியோருள் வில்சனும் ஒருவர்.

வதைத்தவர்களை மன்னிக்குமாறு இறைவனிடம் முணுமுணுத்தபோதே, தாம் நாடகமாடுகிறோமோ என்ற ஐயம் தமக்கு எழுந்ததாக அவர் உரைக்கின்றார். அறம் பேசுவோர் பெரும்பாலும் மறைக்கும் இடம் இது. தம் சொல்லைத் தாமே ஐயுறும் இத்துணிவே உரையின் உயிர்நாடி எனலாம்.

அதன்மேல் எழும் கருத்தோட்டம் நம் இலக்கணம் கூறும் முக்காலத்தையும் தழுவி அமைகின்றது. எதிரே நிற்பவை கொடுமையில் இன்புறும் முகங்கள், இது நிகழ்காலம். இவர்களும் முன்னர்ப் பெற்றோர் அன்பில் மகிழ்ந்து உடன்பிறந்தாரோடு விளையாடிய குழந்தைகள்தாமே என எண்ணுகின்றார், இஃது இறந்தகாலம். குழந்தைகளை வெறுத்தல் அரிது. ஆயினும் அதுவும் போதாது என்கின்றார். இறையருளால் இவர்கள் எத்தகையவராக ஆகக்கூடும் என்று காணும் எதிர்காலத்தில்தான் வெறுப்பு விலகுகின்றது. வதைத்தவருள் ஒருவர் பின்னர் அவர் கையாலேயே திடப்படுத்தல் பெற்றார் என்பது வரலாறு.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. வில்சன் மன்னித்தது தமக்கு இழைக்கப்பட்ட தீங்கினை. பிறர் பொருட்டு மன்னிக்கும் உரிமையை அவர் கோரவில்லை. அதே 1943 அக்டோபரில்தான், சயாமையும் பர்மாவையும் இணைத்த ஏறத்தாழ 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை முடிவுற்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் அங்கே பசியாலும் காலராவாலும் மாண்டனர். பேராயருக்குப் பதவியும் வானொலியும் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்கு அவை வாய்க்கவில்லை. அவன் மன்னித்தானா, சினந்தானா என்று அறிய அவன் கூற்றே நமக்குக் கிட்டவில்லை. ஒருவர் மன்னித்தார் என்பதைக் கொண்டு, பேசாது மாண்டவர் கணக்கையும் நாம் முடித்துவிடல் ஆகாது.

அக்குறையைப் பின்னாளில் ஓரளவு நிறைவு செய்தது மலேசியத் தமிழ் இலக்கியமே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் அம்மக்களின் துயரைப் பேசுகின்றன. வில்சனின் அருளுரையை இந்நாவல்களோடு ஒருசேர வைத்துப் படித்தலே முறை. மன்னிப்பு எத்துணை அரியது என்பதை அருளுரை உணர்த்தும்; மன்னிக்க வேண்டிய கொடுமை எத்துணைப் பெரிது என்பதை நாவல்கள் உணர்த்தும்.

திருக்குறளில் பொறையுடைமை கற்பிக்கும் ஆசிரியர்கள் இவற்றையும் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். கெப்பாலா பத்தாஸ் போன்ற சிற்றூர்களில் பயிலும் நம் மாணவர், தம் குடும்பத்து முதியோரிடம் கேட்ட போர்க்காலச் செய்திகளையும் எழுதிச் சேர்ப்பாராயின், பேசாது போனவர் குரலில் ஒரு பகுதியேனும் ஏட்டில் நிலைபெறும்.