நகையும் நடிப்புத் தேர்வும்

நகைச்சுவை நடிகரைத் தேர்ந்தெடுப்பது எளிய செயல் என்று பலர் எண்ணுகின்றனர். சிரிக்க வைத்தவரை வைத்துக்கொள்ளலாம். சிரிக்க வைக்காதவரை அனுப்பிவிடலாம் என்பது அவர்கள் கருத்து. பள்ளி நாடகத்துக்கும் ஊர் நாடகத்துக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பழகிய ஆசிரியர் எவரும் இதனை ஒப்புக்கொள்ளார். தேர்வு நாளில் அறை அதிரச் சிரிக்க வைத்தவன் மூன்றாம் ஒத்திகையில் அலுத்துப்போவதும், நடுவர் முகத்தில் சிறு முறுவலை மட்டும் வருவித்த பெண் மேடையேறியதும் அவை முழுவதையும் ஆள்வதும் நாம் கண்டவையே.

இப்போது இத்தேர்வுக்குப் புதியதொரு துணை வந்திருக்கிறது. அது மூளை நூல். சிரிப்பு மூளையின் எப்பகுதியில் தோன்றுகிறது, எது நினைவில் நிற்கிறது என்பனவற்றை அறிஞர் ஆய்ந்து கூறியிருக்கின்றனர். அவற்றைச் சுருக்கி, நடிப்புத் தேர்வில் வெல்லும் வழி எனப் பயிற்சியாளர் சிலர் கற்பிக்கின்றனர். இத்துணை எவ்வளவு பயன்படும், எங்கே வழுக்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜொகூர்த் தோட்டப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் யான், அண்மையில் சாங்கி வட்டாரத்து மண்டபம் ஒன்றில் நடந்த தேர்வுக்கு மூன்று நடுவருள் ஒருவனாக அழைக்கப்பட்டேன். வந்த இளைஞர் பலர் கையில் ஒரே குறிப்புத்தாள் இருந்தது. எதிர்பாராததைச் செய்க; தொடக்கத்திலேயே அதிரச் செய்க; நடுவர் மூளையில் பதியுமாறு ஒரு குறும்பை விட்டுச் செல்க. இம்மூன்றே அதன் சாரம். மூன்றும் பொய் என்று கூறுதற்கில்லை. மூன்றும் அரைகுறையானவை என்பதே என் கருத்து.

முதலில் மூளை நூலார் கூறுவதைக் காண்போம். 2001ஆம் ஆண்டில் வினோத் கோயல், ரேமண்ட் டோலன் என்னும் இருவர், காந்த அலைப் படக்கருவியில் கிடத்தப்பட்டவர்களுக்கு நகைத்துணுக்குகளைக் கேட்பித்து ஆய்ந்தனர். சொல் விளையாட்டால் எழும் நகையும் பொருள் முரணால் எழும் நகையும் மூளையின் வெவ்வேறு வழிகளில் விளங்கிக்கொள்ளப்படுகின்றன என்றும், இது சுவையானது என்னும் உணர்வு நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையின் நடுக்கீழ்ப் பகுதியோடு தொடர்புடையது என்றும் கண்டனர். 2003ஆம் ஆண்டில் டீன் மாப்ஸ் முதலியோர், நகைச்சித்திரங்களைப் பார்ப்போர் மூளையில், பரிசு பெறும்போது இன்பம் தரும் உட்பகுதிகளும் கிளர்ச்சி பெறுவதைக் காட்டினர். நகையில் விளங்குதல் ஒன்று, இன்புறுதல் மற்றொன்று என்பது இவற்றால் பெறப்படும். விளங்காத நகை இன்பம் தாராது. விளங்கியதெல்லாம் இன்பம் தரும் என்பதும் இல்லை.

இனி, 1998ஆம் ஆண்டில் இட்சாக் பிரீட் என்னும் மருத்துவர் முதலியோர் வெளியிட்ட செய்தி நடுவர் அனைவரும் அறியத்தக்கது. வலிப்பு நோய்க்கு அறுவை செய்வதன் பொருட்டு, 16 வயதுப் பெண் ஒருத்தியின் மூளையில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்திச் சோதித்தனர். ஓரிடத்தைத் தொட்டபோது அவள் முறுவலித்தாள். மின்னோட்டம் மிகுந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாய் என்று வினவியபோது, ஒருமுறை தன்முன் இருந்த குதிரைப் படத்தையும், மற்றொருமுறை சூழ்ந்து நின்ற மருத்துவர்களையும் காரணமாகக் காட்டினாள். சிரிப்பு முன்னே வந்தது. காரணம் பின்னே தேடிக்கொள்ளப்பட்டது. இது நோயாளி ஒருத்தியின் தனிநிலை என்பது உண்மையே. ஆயினும், இவனே சிறந்த நடிகன், ஏனெனில் நான் சிரித்தேன் என்று எழுதும் நடுவர், தம் சிரிப்புக்கு அவனே காரணமா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

பெரும்பாலும் அவன் மட்டுமே காரணமாகான். அமெரிக்க உளநூலார் இராபர்ட் புரோவைன், அன்றாடப் பேச்சிடையே தோன்றிய 1,200 சிரிப்பு நிகழ்ச்சிகளைத் தம் மாணவரோடு குறித்து ஆய்ந்தார். சிரிப்புக்கு முன் வந்த பேச்சில் நகைச்சுவை எனத்தக்கது நூற்றுக்கு 10 முதல் 20 வரையே இருந்தது. தனித்திருப்போரைக் காட்டிலும் கூடியிருப்போர் ஏறக்குறைய 30 மடங்கு மிகுதியாகச் சிரிக்கின்றனர் என்றும் அவர் கண்டார். சிரிப்பு, மனிதர் கூட்டுறவின் ஒலி. நடிப்புத் தேர்வு அறையிலோ மூன்று நடுவர் எழுதுகோல் பிடித்து இறுகிய முகத்தோடு வீற்றிருப்பர். கூட்டத்தில் விளைவதை வெற்றறையில் அளக்க முயல்கிறோம். படக்கருவிக்குள் அசையாமல் படுத்துத் துணுக்குக் கேட்டவரும் நாடக அவையினர் அல்லர். குறிப்புத்தாள் எழுதியோர் இவ்வேறுபாட்டைக் கருதவில்லை.

அடுத்தது நினைவு பற்றியது. ஒருபடித்தான பலவற்றிடையே வேறுபட்டு நிற்கும் ஒன்று நன்கு நினைவில் நிற்கும் என்பதை 1933ஆம் ஆண்டிலேயே ஹெட்விக் வான் ரெஸ்டார்ப் என்னும் ஜெர்மானிய அம்மையார் காட்டினார். 1994ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஷ்மிட், நகை மிகுந்த வாக்கியங்களையும் நகையற்ற வாக்கியங்களையும் கலந்து கொடுத்து, நகையுடையனவே மிகுதியாக நினைவிற்கு வருவதைக் கண்டார். குறிப்புத்தாள் இத்துடன் நின்றுவிடுகிறது. ஆனால் அவர் ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. வாக்கியங்கள் அனைத்தும் நகையுடையனவாக இருந்தபோது அந்நன்மை மறைந்தது. கலந்திருந்தபோதும், நகையுடையவை பெற்ற நினைவு அருகிருந்த மற்றவற்றின் நினைவைக் குறைத்தே பெறப்பட்டது.

அன்று மண்டபத்தில் நிகழ்ந்ததும் இதுவே. ஒருவர் பின் ஒருவராக வந்தோர் கூச்சலிட்டு நுழைந்தனர், நாற்காலியிலிருந்து விழுந்தனர், எதிர்பாராதபோது அழுதனர். ஐந்தாமவர் விழுந்தபோது அது எதிர்பார்த்ததாகிவிட்டது. எல்லாரும் வேறுபட முயன்றமையால் எவரும் வேறுபட்டிலர். மாலையில் எங்கள் மூவர் நினைவிலும் நின்றவள், படிவம் ஒன்றை நிரப்பத் தெரியாமல், ஆயினும் தெரியாது என்று கூற விரும்பாமல், மிகுந்த கவலையோடு எழுத்தருக்கு விடையளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை. அவள் சிரிப்பு மூட்ட முயலவே இல்லை. அப்படிவம் நிரம்ப வேண்டும் என்பதே அவள் கவலை.

இவ்விடத்தில் நம் பழைய நூலை நினைத்தல் தகும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைக் கூறுகிறார். எட்டு மெய்ப்பாடுகளுள் நகையும் உவகையும் வேறு வேறாகவே வைக்கப்பட்டுள்ளன. இதனைக் கொண்டு, மூளை நூலார் இன்று கண்டதைத் தொல்காப்பியர் அன்றே கண்டார் என்று மார்தட்டுதல் பொருந்தாது. அவரிடம் மூளைப் படம் இல்லை; அவர் நோக்கமும் அதுவன்று. மூளை நூல் சிரிப்பு எவ்வாறு எழுகிறது என்று வினவுகிறது. மெய்ப்பாட்டியல் அது எதன்மேல் எழுகிறது என்று வினவுகிறது. நடுவருக்கு இரண்டாம் வினாவே மிகுதியும் வேண்டப்படுவது.

படிவம் நிரப்பிய பெண் காட்டியது பேதைமையும் மடனும் ஆம். 1964ஆம் ஆண்டில் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' படத்தில், நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். கதை சொல்பவர் சொல்கிறார், ஒலியெழுப்புகிறார், கையை ஆட்டுகிறார். கேட்பவரோ அதனை மெய்யென்றே நம்பி நடுங்குகிறார். சிரிப்பில் பாதி பாலையாவின் முகத்தில் விளைகிறது. அக்காட்சியைத் தனி நடிப்புத் தேர்வாக வைத்து நாகேஷை மட்டும் நிறுத்தியிருந்தால் நமக்குக் கிடைப்பது அரைக்காட்சியே. நகைச்சுவை நடிகருக்குக் கேட்கும் திறன் வேண்டும். அதனைத் தனியே நிற்க வைத்து அளத்தல் இயலாது. நாகேஷும் முதலில் கவனிக்கப்பட்டது, மேடை நாடகம் ஒன்றில் வயிற்றுவலிக்காரராகத் தோன்றிய சிறு வேடத்தில்தான். அவையிலிருந்த எம்.ஜி.ஆர். அந்நடிப்பைத் தனியே எடுத்துப் பாராட்டினார். அவருக்கு வாய்த்தது வலியால் துடிக்கும் ஒருவனின் வேடம். அதனை முழுமையாக நடித்தார்.

எதிர்பாராததே நகை என்னும் முதல் விதிக்குச் சாங்கியிலேயே ஒரு மறுப்பு உண்டு. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின், பல்லாயிரம் நேசநாட்டுப் படையினர் சாங்கியில் சிறைவைக்கப்பட்டனர். அவருள் ஆஸ்திரேலியர் ஒரு கலைக்குழு அமைத்துப் போர் முடியும்வரை ஆடலும் பாடலும் நாடகமும் நடத்தினர். அக்குழுவில் ஹாரி ஸ்மித் என்னும் நகைச்சுவை நடிகர் இருந்தார். இத்தீவை விட்டு நீங்கள் ஒருநாளும் போகமாட்டீர்கள் என்னும் பொருள்பட ஒரே வாக்கியத்தை அவர் மீண்டும் மீண்டும் கூறுவார். அவையினர் சிரிப்பர். விடுதலை பெற்றுப் பல்லாண்டு கழித்தும் அவ்வாக்கியத்தை அவர்கள் மறக்கவில்லை. இதில் எதிர்பாராதது யாது? அவர் கூறப்போவதை அனைவரும் அறிவர். அது வருமென்று காத்திருந்தே சிரித்தனர். அவர்தாமும் அதே வேலிக்குள் அடைபட்டவர். அவர் எள்ளிய நிலையில் அவரும் இருந்தார். பழகிய சொல், கூடியிருந்த அவை, தம்மையும் உட்படுத்திய எள்ளல் ஆகிய இம்மூன்றும் சேர்ந்து அச்சத்தைச் சற்றே எளிதாக்கின. குறிப்புத்தாளின் விதிகளால் இதனை விளக்க இயலாது.

எள்ளலைப் பற்றிப் பேராசிரியர் என்னும் உரையாசிரியர் நுட்பமாக ஓர் வேறுபாடு காட்டுகிறார். தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலும் என அது இருவகைப்படும் என்பது அவர் கருத்து. ஹாரி ஸ்மித்தின் எள்ளல் இவ்விரண்டையும் ஒருங்கே தழுவியது. அன்று மண்டபத்தில் யாம் கண்டது முதல்வகை மட்டுமே.

குறிப்புத்தாளின்படி விரைந்து சிரிப்பு மூட்ட விரும்பிய இளைஞர் பலர் ஒரே வழியைக் கைக்கொண்டனர். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஊழியர் போலப் பேசிக் காட்டினர். தோட்டத்துப் பேச்சைப் பேசிக் காட்டினர். சிரிப்பு உடனே எழுந்தது. யானும் சிரித்தேன். பிறகு திரும்பிப் பார்த்தபோது, விளக்குகளைப் பொருத்த உதவிக்கு வந்திருந்த ஊழியர் ஒருவர் ஏணியின் அருகே நின்றிருந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இடைவேளையில் அவரிடம் சென்று வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லைங்க ஐயா, பழகிப்போச்சு" என்றார். எள்ளப்பட்டவழித் தான் நகுதல் என்பதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. என் பள்ளிப் பிள்ளைகள் பட்டணத்துப் போட்டிகளுக்குச் சென்று, தம் பேச்சைக் கேட்டுப் பிறர் சிரித்தபோது சிரித்த சிரிப்பும் அதுவே. அடுத்த ஆண்டு அவருள் சிலர் மேடையேற மறுத்தனர்.

மறவாமல் நிற்பதே வெற்றி என்றால், அதுவும் மறவாமல் நிற்கிறது. நகை பெற்ற நினைவு அருகிருப்பதன் நினைவைக் குறைக்கும் என்று மேலே கண்டோம். பேச்சை எள்ளி நடித்தவனின் வேடம் எத்தகைய மனிதனுடையது, அவன் எதன்பொருட்டு அங்கு வந்தான் என்பதை நடுவர் எவரும் மாலையில் கூற முடியவில்லை. அவனது பேச்சு மட்டுமே நினைவில் நின்றது. நாடகத்தில் ஒரு மனிதனைக் காட்டுதற்குப் பதில் ஒரு குரலைக் காட்டி அனுப்பிவிட்டனர். இது அறத்தால் மட்டுமன்றிக் கலையாலும் குறையாகும்.

இளைஞரைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. இரண்டு நிமிடத்தில் சிரிக்க வை என்று கேட்டால், கைக்கெட்டும் கருவியையே எடுப்பர். எடுக்கவைப்பது நம் தேர்வு முறை. ஆதலின் ஆசிரியரும் நடுவரும் கடைப்பிடிக்கத்தக்கவை எனச் சிலவற்றைக் கூறுகிறேன். தனியே நடிக்கச் செய்வதோடு நில்லாமல், இருவர் இருவராகவும் நடிக்கச் செய்து, மற்றவர் பேசும்போது ஒருவர் எவ்வாறு கேட்கிறார் என்பதைக் காண்க. தேர்வறையில் பிள்ளைகள் பத்துப்பேரையேனும் அவையாக அமர்த்துக. நகைக்காட்சிகளுக்கிடையே அழுகைக் காட்சியும் அச்சக் காட்சியும் கலந்து வைக்க; அப்போதுதான் நகை தன் நிறத்தில் தோன்றும். ஒரே காட்சியை மறுநாளும் நடிக்கச் செய்க. அதிர்ச்சி தேய்ந்தபின் எஞ்சுவதே நடிப்பு. மதிப்பெண் தாளைப் பார்க்குமுன், நினைவில் நிற்போர் யார், அவர் காட்டிய மனிதர் யார் என்று எழுதிப் பார்க்க.

இறுதியாக ஒன்று. ஒருவரை எள்ளும் காட்சி வந்தால், எள்ளப்படுவோர் முன்வரிசையில் அமர்ந்திருந்தாலும் இதனை நடிக்க இயலுமா என்று அப்பிள்ளையை வினவுக. இயலும் என்று அவன் உண்மையாகக் கூறினால் நடிக்கட்டும். தயங்கினால், அக்காட்சியில் தன்னை எங்கே நிறுத்துவது என்று அவனே எண்ணிப் பார்க்கட்டும். அவ்வாறு எண்ணத் தொடங்கிய பிள்ளைக்கே நான் அடுத்த முறை வேடம் கொடுப்பேன்.