அசையாத பொம்மைக்கு 1.8 எதற்கு? கேனன் 50 எம்எம் லென்ஸ்: இருட்டுக் கொட்டகையில் ஒரு சோதனை

பொம்மைக் கொட்டகைக்குள் வெளிச்சம் நுழைய பெரும்பாலும் வாசல் ஒன்றுதான் வழி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூலையில் ஒரு டியூப்லைட், சுவரோரம் வண்ணம் காயாத பொம்மைகள். புரட்டாசி மழையை நம்பி யாரும் சரக்கை வெளியே வைப்பதில்லை. விழுப்புரத்தை அடுத்த அய்யூர் அகரத்தில் விநாயகர் சிலைகள், சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிப் பண்ருட்டியில் கொலு பொம்மைகள் என்று இந்தப் பக்கம் படமெடுக்க விஷயத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் வெளிச்சத்துக்குத்தான்.

“வெளிச்சம் பத்தலையா? 1.8 லென்ஸ் வாங்குங்க” என்பது கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்டிருக்கும் அறிவுரை. அது எந்த அளவுக்குச் சரி என்று பார்க்க, கேனன் இஎஃப் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸை ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்டி, விழுப்புரம் பக்கத்துக் கொட்டகை ஒன்றிலும் திண்டிவனத்தில் வீட்டுக்குள்ளும் பயன்படுத்தினேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்ணம் தீட்டும் கையை எடுக்க இது அருமையான லென்ஸ். தீட்டி முடித்த பொம்மையை எடுக்க இதன் 1.8 அப்பர்ச்சர் அநேகமாகத் தேவையே இல்லை.

கையில் எப்படி இருக்கிறது?

2015-ல் வந்த லென்ஸ் இது. எடை 160 கிராம். 1990-லிருந்து விற்ற பழைய மாடலில் பிளாஸ்டிக்காக இருந்த மவுன்ட், இதில் உலோகம். பழையது 45 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொல்லும். இது 35 சென்டிமீட்டர் வரை நெருங்க விடுகிறது. அகல் விளக்கு, சிறு கிண்ணம் போன்றவற்றுக்கு அந்த 10 சென்டிமீட்டர் பெரிய லாபம். ஸ்டெபிலைசேஷன் கிடையாது. ஃபோகஸ் வளையம் மோட்டார் வழியாகவே வேலை செய்வதால், கேமரா அணைந்திருந்தால் சும்மா சுற்றும்.

கொட்டகையில்

கண் எழுதுவது கடைசி வேலை. கிருஷ்ணன் முகத்தில் நீலம் காய்ந்து, உதட்டுச் சிவப்பும் முடிந்தபின், மெல்லிய தூரிகையைக் கறுப்பில் தொட்டு ஒரே இழுப்பில் இமைக்கோட்டை முடித்துவிடுகிறார் அந்த அக்கா. “தம்பி, வாசலை மறைக்காதீங்க, எனக்குக் கண்ணு தெரியல” என்றார். தள்ளி நின்றேன், படத்துக்கு நஷ்டமில்லை. ஏபிஎஸ்-சி கேமராவில் இந்த லென்ஸ் 80 எம்எம் போல நடந்துகொள்வதால், ஒதுங்கி நின்றும் விரலும் தூரிகையும் சட்டம் நிறைய வந்தன.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸை முழு ஜூமில் வைத்தால் அப்பர்ச்சர் 5.6-க்கு மேல் திறக்காது. அதைவிட 1.8 ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. கிட் லென்ஸில் 1/10 நொடி கேட்கும் காட்சி இதில் 1/100-ல் முடிகிறது. தூரிகை நுனி கலங்காமல் நிற்கிறது. மங்கலில் ஆட்டோஃபோகஸ் சில சமயம் முன்னும் பின்னும் தேடும். இமைக்கோடு போன்ற அழுத்தமான விளிம்பைக் காட்டினால் பிடித்துக்கொள்கிறது.

1/100 என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/250-க்கு ஏற்றினால் படத்துக்குப் படம் நிறம் மாறும், சிலவற்றில் பட்டை விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் தொல்லை இல்லை.

அதே லென்ஸ், அதே 1.8, இப்போது காய்ந்து நிற்கும் பொம்மைக்குத் திருப்புங்கள். 60 சென்டிமீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 சென்டிமீட்டர். மூக்கு துல்லியமாக இருந்தால் காது கரைந்துவிடும். தங்கப் பொடி பூசிய கிரீட விளிம்பில் ஊதாக் கோடும் எட்டிப் பார்க்கிறது. 2.8-க்கு வந்தால் கூர்மை கூடுகிறது. முகம் முழுக்கத் தெளிய 8-க்குப் போயாக வேண்டும். அப்போதும் ஆழம் நாலரை சென்டிமீட்டர்தான். 1.8-லிருந்து 8-க்குப் போனால் வெளிச்சம் இருபதில் ஒரு பங்காகிறது. 1/60 நொடி, 1/3 நொடி ஆகிறது. ஆகட்டுமே! பொம்மை எங்கும் ஓடிவிடாது. ட்ரைபாடில் வைத்து ஐஎஸ்ஓ 100-ல் எடுத்தால் புள்ளியில்லாத சுத்தமான படம். ஆனால் அந்தப் படத்தைக் கிட் லென்ஸும் எடுக்கும்.

ரோஸ் புடவைதான் உண்மையான பரீட்சை. பளீர் ரோஸும் குங்குமச் சிவப்பும் சிவப்புச் சேனலை முதலில் நிரப்பிவிடும். மடிப்பெல்லாம் மறைந்து புடவை ஒரே அப்பாகத் தெரியும். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பார்த்து எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து, ரா ஃபைலில் எடுத்தபோது மடிப்புகள் திரும்பி வந்தன. வாசல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, வாசலுக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தியதும் மஞ்சள் மஞ்சளாகவும் நீலம் நீலமாகவும் நின்றன. எந்த லென்ஸும் தராத மாற்றம் அது.

வீட்டுக்குள், மெருகுப் பாண்டம்

திண்டிவனத்திலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள புதுச்சேரியில், ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து, மெருகிட்ட ஸ்டோன்வேர் கோப்பைகள் இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் புதிதல்ல. 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்ட அந்த மெருகு அடிப்படையில் கண்ணாடிதான். அறையில் உள்ள ஜன்னல், விளக்கு, என் சட்டை எல்லாமே கோப்பையில் தெரிந்தன. 49 எம்எம் போலரைசர் ஒன்றை மாட்டித் திருப்பியதும் பளபளப்பு அடங்கி, அடியிலிருந்த பச்சை வெளியே வந்தது. அது ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். ட்ரைபாட் இருப்பதால் கவலையில்லை. பொம்மையின் வார்னிஷுக்கும் இது உதவும். தங்கப் பொடியின் மினுமினுப்பை மட்டும் அடக்காது. உலோகப் பளபளப்பு போலரைசருக்குக் கட்டுப்படுவதில்லை.

கொலுவுக்கு இந்த லென்ஸ் ஒத்துவராது. 6 அடி அகலப் படி முழுவதும் சட்டத்துக்குள் வர 13, 14 அடி பின்னால் போக வேண்டும். பல வீடுகளில் அதற்குள் தெருவுக்கே வந்துவிடுவோம். அங்கே செல்போன்தான் கெட்டி. நைட் மோட் பல படங்களை ஒட்டி ஒன்றாக்குவதால், அசையாத கொலுவுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. தூரிகைத் தடங்களை மட்டும் அளவுக்கு மீறிக் கூர்மையாக்கிவிடுகிறது.

யார் வாங்கலாம்?

பொம்மைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விற்பவர் முதலில் ட்ரைபாட், பிறகு தெர்மாகோல் அட்டை, அதற்குப் பிறகு போலரைசர் வாங்கட்டும். கையிலிருக்கும் கிட் லென்ஸே போதும். செய்பவர்களையும் அவர்கள் கைவேலையையும் எடுக்க விரும்புபவர் யோசிக்காமல் இந்த லென்ஸை வாங்கலாம். மிரர்லெஸ் ஆர் வரிசை கேமரா வைத்திருப்பவர் அடாப்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2020-ல் வந்த ஆர்எஃப் 50 எம்எம் 1.8 அதே எடையில், 30 சென்டிமீட்டர் வரை நெருங்குகிறது.