அதே 4-2-3-1, வேறு சென்னை

ஒரு கோச் ஜெயித்தாலும் தோற்றாலும் நாம் முதலில் பிடித்துக்கொள்வது ஃபார்மேஷன் எண்ணைத்தான். 4-4-2, 4-3-3, 3-5-2 என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் ஆட்டமே புரிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை நம்ப முடியாது என்பதற்கு சென்னையின் எஃப்சியின் 2019-20 ஐஎஸ்எல் சீசன் நல்ல சாட்சி. ஒரே அணி, ஒரே சீசன், இரண்டு கோச்சுகள். எண் பெரும்பாலும் அதே 4-2-3-1.

முதலில் கணக்கு. ஜான் கிரிகோரியின் கீழ் 6 ஆட்டங்கள்: 5 புள்ளி, அடித்தது 4 கோல், வாங்கியது 10. முதல் 4 ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. நவம்பர் கடைசியில் அவர் விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். மிச்சமிருந்த 12 லீக் ஆட்டங்களில் 24 புள்ளி, அடித்தது 28, வாங்கியது 16. முன்வரிசையில் அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே ஷெம்ப்ரி.

அடித்த கோலைவிட வாங்கிய கோல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்டத்துக்குச் சராசரியாக 1.67 ஆக இருந்தது 1.33 ஆகக் குறைந்தது. "அடிக்கப் போனா பின்னாடி ஓட்டை விழும்"னு காலங்காலமாகச் சொல்லுவோம். இங்கே அடிக்கப் போனதில் ஓட்டை சிறிதானது.

ஏன்? ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தபோது எனக்குப் பட்டது இது. கிரிகோரியின் அணியில் பந்து வால்ஸ்கிஸிடம் போய்ச் சேரும்போது அவர் பக்கத்தில் யாரும் இல்லை. பந்து உடனே திரும்பி வரும், டிஃபென்ஸ் மறுபடியும் ஓடும். கோய்லிடம் கிரிவெல்லாரோ அவருக்கு நெருக்கமாக நின்றார், ஷெம்ப்ரி ஓரத்தை விட்டு உள்ளே வந்தார், சாங்டே எதிரணியின் முதுகுக்குப் பின்னால் ஓடினார். பந்து முன்னாடியே தங்கியது. அது அங்கே இருக்கிற நேரமெல்லாம் நம்ம டிஃபென்ஸுக்கு ஓய்வுதான்.

நான் இருக்கும் கொல்லிமலைக்கு காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எல்லா பஸ்ஸுக்கும் அதே வளைவுதான். டிரைவர் எந்த இடத்தில் எந்த கியர் போடுகிறார் என்பதில்தான் வித்தியாசம். ஃபார்மேஷன் என்பது அந்த ரோடு மாதிரி.

இதை வைத்து கிரிகோரியைத் திட்டுவது சுலபம். அது நியாயமில்லை. 2017-18-இல் கோப்பையை வாங்கித் தந்தவர் அவர். 9 வெற்றி, 32 புள்ளி, லீகில் இரண்டாமிடம். பெங்களூருவில் நடந்த ஃபைனலில் முதல் கோலை வாங்கிய பிறகு, கார்னரிலிருந்து மைல்சன் ஆல்வெஸ் போட்ட இரண்டு ஹெட்டர்கள், 3-2. நடுக்களத்தில் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் இருந்தார். கையில் இருந்த ஆட்களுக்கு அந்த முறை பொருந்தியது. அடுத்த சீசனில் கணேஷ் காயத்தால் ஒதுங்கினார், அணி 9 புள்ளியோடு கடைசி இடத்துக்குப் போனது. கிரிகோரியின் குறை தற்காப்பு ஆட்டம் அல்ல. ஆள் மாறியும் முறையை மாற்றாததுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரிகோரியின் 4 கோலும் அவருடைய கடைசி இரண்டு ஆட்டங்களில் வந்தவை. கோய்லின் முதல் 4 ஆட்டத்தில் கிடைத்ததும் 4 புள்ளிதான். மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம்தான் தோல்வியே இல்லாத 8 ஆட்டங்கள், 20 புள்ளி. கொச்சியில் கேரளாவை 6-3 என்று அடித்தது அதில் ஒன்று.

கோய்லின் முறைக்கும் எல்லை இருந்தது. அரையிறுதியில் கோவாவை சென்னையில் 4-1 ஜெயித்துவிட்டு, அங்கே போய் 2-4 தோற்று, மொத்தத்தில் 6-5 என்று தப்பித்தார்கள். மார்ச் 14, 2020 அன்று ரசிகர்களே இல்லாத ஃபடோர்டா மைதானத்தில் ஹபாஸின் ஏடிகே 3-1 என்று கோப்பையைத் தூக்கியது. முன்னால் நிறைய ஆள் அனுப்பும் அணிக்கு, அவசரப்படாமல் காத்திருந்து அடிக்கும் அணிதான் ஆபத்து. அந்தக் கேள்விக்குக் கோய்லிடம் அன்று பதில் இல்லை.

செம்மேட்டுப் பையன்கள் என்னிடம், "அண்ணே, நாங்க ஏழு பேர்தான், எந்த ஃபார்மேஷன் போடலாம்?"னு கேட்பதுண்டு. நான் எண் சொல்வதில்லை. பந்தை எங்கே பிடுங்கப் போறீங்க, பிடுங்கினவன் பக்கத்துல யாரு இருப்பா, பந்து போயிட்டா யாரு முதல்ல ஓடுவா என்று திருப்பிக் கேட்கிறேன். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த அணிக்கு எண் தானாக அமைந்துவிடும். ஒரு கோச்சை எடைபோடவும் இதே மூன்று கேள்விகள் போதும். டிவியில் ஆட்டம் தொடங்குமுன் காட்டும் அந்தப் பதினோரு புள்ளிகளில் இவற்றுக்குப் பதில் இருக்காது.