பூனையின் உயரத்தில் ஒரு கேமரா

‘ஃப்ளோ’ படத்தின் கேமரா தரையோடு தரையாகத்தான் இருக்கிறது. புல்லுக்கு நடுவே கருஞ்சாம்பல் பூனை ஒன்று ஓடுகிறது. அதன் காது மட்டத்தில் நாமும் ஓடுகிறோம். துரத்தி வரும் நாய்கள் பூனைக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாக நமக்கும் தெரிகின்றன. கொஞ்ச நேரத்தில் அதே நாய்கள் பூனையைக் கண்டுகொள்ளாமல் தாண்டி ஓடுகின்றன. பின்னாலேயே ஒரு மான் கூட்டம். எதற்கு இந்த ஓட்டம் என்று பூனைக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு வெள்ளம் வருகிறது.

வேறொரு இயக்குநராக இருந்தால் கேமராவை மேலே தூக்கி, மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை முதலில் காட்டியிருப்பார். பார்வையாளருக்கு ஆபத்து முன்கூட்டியே தெரிந்துவிடும், பூனைக்குத் தெரியாது. பதற்றத்தைக் கூட்ட அதுவும் ஒரு வழிதான், மோசமான வழியும் இல்லை. ஆனால் இந்தப் படத்தை எடுத்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் பூனைக்குத் தெரியாத எதையும் நமக்குச் சொல்வதில்லை. உலகம் ஏன் மூழ்குகிறது, மனிதர்கள் எங்கே போனார்கள், பூனை வாழும் வீட்டு முற்றத்தில் அத்தனை பூனைச் சிலைகளைச் செதுக்கியது யார், எதற்கும் விடை கிடையாது. 85 நிமிடப் படத்தில் ஒரு சொல் வசனமும் இல்லை.

லாட்வியா என்ற நாட்டின் மக்கள்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு, சென்னையில் பாதிகூட வராது. அங்கிருந்து வந்த இந்தப் படம் 2024-ல் கான் விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. ஆஸ்கர் வாங்கிய முதல் லாட்வியப் படம் இதுதான். போட்டியில் இருந்தவற்றில் ‘இன்சைட் அவுட் 2’ ஒன்று. அதன் செலவு ஏறத்தாழ 20 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. ‘ஃப்ளோ’வின் செலவு சுமார் 35 லட்சம் யூரோ. நம் கணக்கில் முப்பது கோடி ரூபாய்ச் சுற்று. தமிழில் நடுத்தர நாயகனை வைத்துப் படம் எடுக்க ஆகிற காசு அது. பரிசுச் செய்தியை எல்லோரும் எழுதிவிட்டார்கள். படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஸில்பலோடிஸ் 1994-ல் பிறந்தவர். திரைப்படக் கல்லூரி எதிலும் படித்தவரில்லை. பள்ளி நாட்களிலேயே குறும்படங்கள் செய்யத் தொடங்கினார். 2012-ல் ‘ஆக்வா’ என்று ஏழு நிமிடத்தில் ஒன்று, கையால் வரைந்த படம். தண்ணீருக்குப் பயப்படும் ஒரு பூனை, சுற்றிலும் கடல், இவ்வளவுதான் கதை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பூனையும் அந்தப் பயமும்தான் ‘ஃப்ளோ’ ஆயின. மாணவப் பருவத்துப் படத்தை நம்மில் பலர் வேலை தேடும்போது காட்டும் சான்றிதழாகத்தான் பார்க்கிறோம். வேலை கிடைத்ததும் மறந்துவிடுகிறோம். நல்ல கரு அந்த ஏழு நிமிடங்களில் தீர்ந்துபோயிருக்காது.

நடுவில் வந்த ‘அவே’ இன்னும் சுவாரஸ்யமானது. 75 நிமிட முழுநீள அனிமேஷன். எழுத்து, வடிவமைப்பு, அனிமேஷன், படத்தொகுப்பு, இசை எல்லாம் ஒரே ஆள். மூன்றரை ஆண்டு வேலை. 2019-ல் அன்னசி அனிமேஷன் விழாவில் பரிசும் பெற்றது. பாராசூட்டில் தனியாக வந்து இறங்கும் ஒரு பையன், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு குட்டிப் பறவை, பின்னால் மெல்ல நடந்து வரும் ஒரு கரிய பேருருவம். அந்தப் பூதம் ஓடுவதே இல்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது. அது ஓடாததற்கு இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது: ஓடுகிற பூதத்தைத் தனி ஆளாக அசைக்கப் பல மாதம் பிடிக்கும், நடக்கிற பூதத்தை அசைப்பது அத்தனை பாடில்லை. பையனின் முகத்திலும் அதிகம் அசைவில்லை. பெரிய கூட்டம், ஊர், சந்தை எதுவுமே இல்லை. தன்னால் எது முடியாதோ அது தேவைப்படாத கதையாகப் பார்த்து எழுதியிருக்கிறார்.

இதை நம் கல்லூரிக் குறும்படங்களோடு சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை. கையில் ஒரு கேமராவும் நான்கு நண்பர்களும் இருப்பார்கள். எழுதுவதோ தாதா கதை. முப்பது அடியாட்கள் தேவைப்படும் இடத்தில் மூன்று பேர் மாற்றி மாற்றி அடி வாங்குவார்கள். பாவமாக இருக்கும்.

‘அவே’ தனி ஆள் செய்த படம் என்பதால் அது தனிமைப்பட்ட ஒருவனின் கதையானது என்று ஸில்பலோடிஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘ஃப்ளோ’வில் முதல்முறையாக ஒரு குழுவோடு வேலை செய்ய வேண்டியிருந்தது. லாட்வியா, பிரான்ஸ், பெல்ஜியம் என மூன்று நாட்டுக்காரர்கள். பிறரை நம்பி வேலையைக் கொடுப்பது அவருக்குப் புதிது. அந்தத் தயக்கம்தான் பூனைக்குள் போயிருக்கிறது. யாரையும் அண்ட விடாத பூனை ஒரு பாய்மரப் படகில் ஏறுகிறது. அங்கே ஏற்கெனவே காப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு ஒன்று சாவகாசமாகப் படுத்திருக்கிறது. பிறகு பொருள் சேர்க்கும் ஆசை கொண்ட ஒரு லெமூர், யாரோடும் ஒட்டிக்கொள்ளும் ஒரு லேப்ரடார் நாய், சிறகு ஒடிந்த ஒரு செக்ரட்டரி பறவை. காப்பிபாரா தென் அமெரிக்கா, லெமூர் மடகாஸ்கர், செக்ரட்டரி பறவை ஆப்பிரிக்கா. இவை ஒரே படகில் சேர எந்த ஊரிலும் வாய்ப்பில்லை. படம் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, நாமும் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுகிறோம்.

இந்த மிருகங்கள் மனிதர்களைப் போல நடிக்காமல் இருப்பதுதான் படத்தின் பெரிய சாதனை. டிஸ்னி பரம்பரையில் விலங்கு என்றால் புருவம் தூக்கும், தோளைக் குலுக்கும், நகைச்சுவை சொல்லும். இங்கே பூனை பூனையாக இருக்கிறது. பயந்தால் முதுகைத் தூக்குகிறது; கண்ணாடி வெளிச்சம் தரையில் ஓடினால் மற்றதையெல்லாம் மறந்து அதன் பின்னால் ஓடுகிறது. நடிகர்களின் உடல் அசைவைப் பதிவு செய்து ஏற்றும் முறையை இவர்கள் தொடவில்லை. பூனை, நாய் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் அனிமேட்டர்கள் கையால் அமைத்தார்கள். உலகம் முழுக்க இணையத்தில் குவிந்து கிடக்கும் பூனை வீடியோக்களால் கலைக்கு ஏதாவது நன்மை உண்டா என்று யாராவது கேட்டால் இந்தப் படத்தைக் காட்டலாம்.

லெமூர்தான் சில இடங்களில் மனிதச் சாயல் காட்டுகிறது. கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும் காட்சிகளில் இயக்குநர் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூனையின் குரல் நிஜப் பூனையின் குரல். ஒலி வடிவமைப்பாளரின் வீட்டுப் பூனையே கொடுத்தது. காப்பிபாராவிடம்தான் சிக்கல். நிஜக் காப்பிபாராவின் குரலைப் பதிவு செய்து பார்த்தால் கீச்சென்று இருந்ததாம். நிதானமே உருவான அந்தப் பாத்திரத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? கடைசியில் ஓர் ஒட்டகக் குட்டியின் குரலை எடுத்து வைத்தார்கள். திரையில் பார்க்கும்போது எள்ளளவும் சந்தேகம் வராது. இயற்கையான ஒலி என்று நாம் நம்புவதற்கும் நிஜத்துக்கும் இவ்வளவு தூரம். வசனம் இல்லாத படத்தை நாம் அறியாதவர்கள் இல்லை. சிங்கீதம் சீனிவாசராவின் ‘பேசும் படம்’ 1987-லேயே வந்துவிட்டது. அங்கேயும் ஒலிதான் பாதி நடிப்பு. ஆனாலும் நம் குறும்படக்காரர்கள் ஒலிப்பதிவைக் கடைசி நாள் வேலையாகவே வைத்திருக்கிறார்கள்.

இனி கேமராவுக்கு வருகிறேன், இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதே அதற்காகத்தான். ஸில்பலோடிஸ் ஸ்டோரிபோர்டு வரைவதில்லை. முப்பரிமாணத்தில் இடத்தை முரட்டுத்தனமாக முதலில் கட்டிவிடுகிறார். பாத்திரங்களை அதில் உலவவிட்டு, கேமராவைக் கையில் பிடித்த ஒளிப்பதிவாளர் போலக் கோணம் தேடி அலைகிறார். காகிதத்தில் வரைந்தால் கிடைக்காத கோணங்கள் இப்படி அலையும்போது கிடைக்கின்றன. அதனால்தான் பூனை திரும்பும்போது கேமரா அரை நொடி தாமதித்துத் திரும்புகிறது. சில நேரம் பூனையைத் தவறவிட்டு மறுபடி பிடிக்கிறது. எல்லாம் முன்கூட்டியே தெரிந்த கேமரா இப்படித் தடுமாறாது. அந்தத் தடுமாற்றத்தை ஒருவர் உட்கார்ந்து அமைத்திருக்கிறார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஷாட்கள் நீளமானவை, வெட்டில்லாமல் நிமிடக் கணக்கில் போகின்றன. பூனை தண்ணீருக்குள் விழுகிறது, கேமராவும் கூடவே மூழ்குகிறது, மீன்கள், மேலே படகின் அடிப்பகுதி, மறுபடி மூச்சுக்கு மேலே. நடுவில் ஒரு கட் வந்திருந்தால் நாம் மூச்சு விட்டிருப்போம்.

குறைகளும் உண்டு. மிருகங்களின் மேல் ரோமம் ரோமமாக இல்லை, தூரிகையால் இழுத்த வண்ணம் போல இருக்கிறது. நாய்களைப் பார்க்கும்போது பழைய வீடியோ கேம் ஞாபகம் வருகிறது. இது பாணி என்று சிலர் சொல்வார்கள். பாதி பாணி, பாதி பணம். ஆனால் தண்ணீரில் அந்தக் கஞ்சத்தனம் இல்லை. குட்டை, தெறிப்பு, பெருவெள்ளம் ஒவ்வொன்றும் வேறு மாதிரி நடந்துகொள்ளும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி தேவைப்பட்டது. எங்கே செலவழிப்பது, எங்கே விட்டுவிடுவது என்பதில் இந்த இயக்குநருக்குத் தெளிவு இருந்தது. கல் தூண்களின் உச்சியில் பறவையும் பூனையும் ஒளிக்குள் மேலெழும் காட்சியைப் பலர் கொண்டாடுகிறார்கள். என் கணக்கில் அது படத்தின் பலவீனமான இடம். அதுவரை பூனைக்குப் புரியாததால் நமக்கும் புரியாமல் இருந்தது, அந்த இடத்தில் மட்டும் நமக்குப் புரியக் கூடாது என்பதற்காகவே புரியாமல் இருக்கிறது.

‘ஃப்ளோ’வில் இத்தனையும் செய்யப்பட்டது பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில். நெதர்லாந்தில் டான் ரோசண்டால் 1994-ல் எழுதத் தொடங்கியது. படத்தின் இயக்குநர் பிறந்த அதே ஆண்டு. அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்ட பிறகு, 2002-ல் பயனர்களே ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து அதைத் திறந்த மூல மென்பொருளாக்கினார்கள். அன்று முதல் அது யாருக்கும் இலவசம். ஸில்பலோடிஸ் 2019-ல் இதற்கு மாறினார். காரணம் ஈவி என்ற அதன் ரெண்டர் எந்திரம், அதாவது முப்பரிமாணக் காட்சியைப் படமாக்கித் தரும் பகுதி. பெரிய ஸ்டுடியோக்களில் ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய மணிக்கணக்கில் ஆகும், அதற்கென்றே கணினிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஈவியில் சில வினாடிகள். கேமராவோடு அலைந்து தேட முடிந்ததே இந்த வேகத்தால்தான். ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தால் யாரும் தேட மாட்டார்கள்.

நம்மிடம் குறும்படத்திலிருந்து பெரிய திரைக்குப் போன பாதை ஏற்கெனவே இருக்கிறது. ‘நாளைய இயக்குனர்’ நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் வந்தார்கள். பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ யூடியூபில் குறும்படமாக ஓடி, 2012-ல் முழுநீளப் படமானது. அந்தப் பாதையில் அனிமேஷன்காரர்களைத்தான் அதிகம் காணோம். கணினி பெரிதாக வேண்டும், ஆள் பலம் வேண்டும், மென்பொருளுக்குக் காசு வேண்டும் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. மூன்றாவது காரணம் போய்விட்டது. முதலிரண்டும் ‘அவே’க்குப் பிறகு கொஞ்சம் நொண்டுகின்றன.

‘ஃப்ளோ’வைப் பார்க்கப்போகும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். பரிசு வாங்கிய படத்திலிருந்து தொடங்காதீர்கள். ‘ஆக்வா’, பிறகு ‘அவே’, அதற்கு அப்புறம் ‘ஃப்ளோ’ என்ற வரிசையில் பாருங்கள். ஒரு கை எப்படிப் பழகி வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். ‘ஆக்வா’ இணையத்தில் கிடைக்கிறது, ஏழு நிமிடம்தான்.