எண்ணெய் இறங்கும் திசை: பார்த்தின் தெம்புராவை மறுவாசிப்பு செய்தல்

1

பசியைப் பற்றி எழுதுவதில் நம் ஆட்களுக்குத் தயக்கமே கிடையாது. ருசியைப் பற்றி எழுதுவதென்றால் மட்டும் ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. 'ஜப்பான் போய் என்ன பண்ணீங்க தோழர்?' என்று கேட்கிறவரிடம், டோக்கியோவின் ஜின்ஸா பகுதியில் பத்துப் பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு தெம்புராக் கடையில் இரண்டு மணி நேரம் சாப்பிட்டேன் என்று சொல்ல எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தக் கூச்சத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அழைத்துப் போனவர் ஒரு மொழிபெயர்ப்பாள நண்பர். செலவும் அவருடையது. ஹினோகி மரத்தில் இழைத்த நீண்ட பலகையின் இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் செம்புச் சட்டியும் சமையற்காரரும். குளிர்ந்த நீர், முட்டை, கோதுமை மாவு. நாலே சுற்று சுற்றிவிட்டுக் கட்டிகட்டியாக அப்படியே விட்டுவிடுகிறார். அழுத்திக் கலக்கினால் கோதுமையின் பசை எழும்பி மேலோடு ரொட்டி மாதிரி ஆகிவிடும் என்பது கணக்கு. எண்ணெயின் சூடு 170, 180 டிகிரிக்குள் நிற்கிறது. அதை அவர் காதால் அளக்கிறார். சலசலப்பு மாறும் கணத்தில் எடுத்துவிடுகிறார். முதலில் இறால். பிறகு கிஸு என்கிற மீன், நம்ம கிழங்கானுக்கு நெருங்கிய சொந்தம். தாமரைக் கிழங்கு. கடல் விலாங்கு. ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைத் தாளின் மேல் வந்து இறங்குகிறது. சாப்பிட்டு முடித்த பிறகு அந்தத் தாளைப் பார்த்தேன். எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டியிருந்தது.

ஊருக்குத் திரும்பி நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் விவரித்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: 'அட, பஜ்ஜிதானய்யா இது?'

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வியில் நியாயமிருக்கிறது. பஜ்ஜிக்கும் தெம்புராவுக்கும் மாவு வேறு, பக்குவம் வேறு. வர்க்கப் பூர்வீகம் மட்டும் ஒன்றேதான். எடோ என்றழைக்கப்பட்ட பழைய டோக்கியோவில் தெம்புரா தெருவோரத் தள்ளுகடைகளின் தீனி. குச்சியில் குத்தித் தருவார்கள். நின்றபடியே தின்றுவிட்டுப் போவார்கள். மர வீடுகள் நெருங்கிய நகரம் அது. 1657 தீ விபத்தில் பெரும்பகுதி எரிந்துபோனது. கொதிக்கும் எண்ணெய் வீட்டுக்குள் இருப்பதே பயம். அதனால் அது தெருவில் இருந்தது. பிந்திய காலத்தில்தான் கூரைக்குள் வந்து, பாய் விரித்த அறைக்குள் வந்து, கடைசியில் இந்த மரப்பலகைக்கு வந்துசேர்ந்தது. தீனி மேலே ஏறிவிட்டது. தின்றவர்கள் ஏறவில்லை.

இந்த உணவின் 'தூய ஜப்பானியத்தன்மை' பற்றியும் ஒரு வார்த்தை. 1543இல் தனெகாஷிமாவில் கரையேறிய போர்த்துகீசியரின் மாமிசம் விலக்கும் நோன்பு நாட்களுக்கான லத்தீன் சொல்லிலிருந்து தெம்புரா என்ற பெயர் வந்தது என்பதே பரவலான கருத்து. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார்தான் 1549இல் ககோஷிமாவில் போய் இறங்கினார். ஒரே கடல்வழி. பின்னால் அவர்களையும் அவர்கள் மதத்தையும் விரட்டியடித்த நாடு, அவர்களுடைய பொரியலை மட்டும் வைத்துக்கொண்டது. பண்பாட்டுத் தூய்மை பேசுகிறவர்கள் எந்த மொழியில் பேசினாலும், அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

2

இந்த மேசைக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை. தொண்ணூறுகளில் நம்மில் பலரும் ஜெராக்ஸ் பிரதியாகக் கைமாற்றிப் படித்த ரோலான் பார்த்தின் 'குறிகளின் பேரரசு' (பிரெஞ்சில் 1970, ஆங்கிலத்தில் 1982) கூடவே வந்தது. அதில் தெம்புராவுக்கென்றே ஒரு பகுதி உண்டு. உயிருள்ள விலாங்கைச் சமையற்காரன் குத்தி, உரித்து, எண்ணெயில் விட்டுச் சரிகை வேலைபோல் ஆக்குவதைப் பார்த் வியக்கிறார். பொரித்தல் என்றாலே மேற்கு உணரும் கனம் இங்கே இல்லை. எஞ்சுவது துளைகளும் இடைவெளிகளும் மட்டுமே. மையம் காலியான ஒரு குறி. தான் எழுதுவது உண்மையான ஜப்பானைப் பற்றியல்ல, அந்தப் பெயரில் தான் கட்டிக்கொண்ட ஓர் அமைப்பைப் பற்றி என்று தொடக்கத்திலேயே எச்சரித்துவிடுகிறார். ஆகவே 'இது கீழைத்தேயவாதம்' என்று ஒற்றை வரியில் அவரைத் தள்ளிவிட முடியாது. ஆளுக்கு விஷயம் தெரியும்.

என் பிரச்சினை வேறு. அதே பகுதியில் அவர் ஒரு தகவலைத் தருகிறார். தெம்புராக் கடைகளின் தரவரிசை எண்ணெயின் புதுமையைப் பொறுத்தது. உயர்ந்த கடை புது எண்ணெயில் பொரிக்கிறது. பயன்பட்ட எண்ணெய் அடுத்த படியிலுள்ள கடைக்கு விற்கப்படுகிறது. அங்கிருந்து இன்னும் கீழே. ஒரு சமூகத்தின் குறுக்குவெட்டுத் தோற்றமே அந்தத் தகவலில் இருக்கிறது. ஆனால் பார்த் அந்த எண்ணெயின் பின்னால் போகவில்லை. வாடிக்கையாளன் காசு கொடுப்பது சமையலின் கன்னித்தன்மைக்கு என்று முடித்துக்கொள்கிறார். கன்னித்தன்மை! முதல் உரிமை யாருக்கு, மிச்சம் யாருக்கு என்ற கேள்வியை அந்த ஒற்றை உருவகம் மூடிவிடுகிறது. குறி காலியாக இருக்கிறது என்று சொல்லும் அந்த வாசிப்பே, அதைக் காலிசெய்கிற வேலையையும் பார்க்கிறது.

நான் உட்கார்ந்திருந்தபோது நடுவில் ஒரு பையன் வந்து சட்டியின் எண்ணெயை மாற்றினான். முள்ளங்கி துருவுவதும் அவன்தான், தாள் மாற்றுவதும் அவன்தான். திரைக்குப் பின்னால் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பலகைக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று நண்பர் மூலம் கேட்டேன். சமையற்காரர் சிரித்தார். 'எடுத்துப்போக ஆள் வரும்' என்றார். இப்போது ஜப்பானில் அப்படிச் சேகரிக்கப்படும் எண்ணெய் தீவனமாகிறது, சோப்பாகிறது, அண்மை ஆண்டுகளில் விமான எரிபொருளுமாகிறது. ஆக, திசைகள் மாறியிருக்கின்றன. யாருக்குப் புதுசு, யாருக்கு மிச்சம் என்ற கேள்வி மாறவில்லை.

3

இனி இறால். அந்தக் கடையின் குருமா இறால் உயிரோடு வருவது. அதைச் செயற்கையாக முட்டையிடச் செய்து, குஞ்சு பொரிக்க வைத்தவர் ஃபுஜினாகா மோட்டோசாகு, காலம் 1930கள். 1960களில் அது வணிகமானது. உயிர் இறாலுக்கு நல்ல விலை கொடுக்கத் தயாராக இருந்த இம்மாதிரிக் கடைகள் அதற்குச் சந்தை. அவரிடம் பயின்ற தைவான் ஆய்வாளர் வழியாக அந்த வித்தை டைகர் இறாலுக்குப் போனது. எண்பதுகளின் கடைசியில் தைவான் குளங்கள் நோயில் விழுந்தன. பணம் வேறு கரைகளைத் தேடியது. ஜப்பானியர் மேசை இறால் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய் முராய் யோஷினோரி 'இறாலும் ஜப்பானியரும்' என்ற நூலை 1988இல் எழுதினார். பார்த் தொடராமல் விட்ட பாதையில் நடந்தவர் என்று அவரைச் சொல்வேன்.

அந்தப் பாதை நம் கடற்கரைக்கும் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சீர்காழி, தரங்கம்பாடி வட்டாரங்களில் நெல்வயல்கள் இறால் குளங்களாயின. கிணற்றுத் தண்ணீர் உப்பானது, கூலி வேலை போனது, கடலுக்குப் போகும் வழி அடைபட்டது. அந்த டைகர் இறாலுக்கு ஜப்பான் முக்கியச் சந்தை. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மக்களோடு மறியலில் இறங்கினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த நவீன இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பளித்தது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தடையையே நீர்க்கச் செய்தது. 2009க்குப் பிறகு வனாமி இறால் வந்தது. சந்தை அமெரிக்காவுக்கு நகர்ந்தது.

நான் தின்ற இறால் நாகையிலிருந்து வந்ததல்ல. அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பொய்யான குற்றவுணர்ச்சியும் ஒருவகை அலங்காரம்தான். என்னை உறுத்துவது வேறொன்று. காலியான குறியைப் பற்றி நாம் ஜெராக்ஸில் படித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் அந்தக் குளங்கள் வெட்டப்பட்டன. பேருந்தில் போகும் தூரம். 'பிரதிக்கு வெளியே' என்று நாம் பேசிக்கொண்டிருந்த இடத்தில் கிணறு உப்பாகிக்கொண்டிருந்தது. இதற்குக் கோட்பாட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. எண்ணெயின் பின்னால் போகக் கோட்பாடு தடுக்கவில்லை. நாம்தான் சரிகையோடு நின்றுகொண்டோம்.

4

ருசியை மறுக்க மாட்டேன். அந்தக் கிஸு மீன் வாயில் உடைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காதால் சூட்டை அளக்கிற அந்த மனிதரின் கைவேலைக்கு முன்னால் என் எழுத்துவேலை ஒன்றுமேயில்லை. அந்த உழைப்பைப் 'பூர்ஷ்வா ஆடம்பரம்' என்று ஒதுக்கினால் அவருக்கும் துரோகம், முள்ளங்கி துருவிய பையனுக்கும் துரோகம். நல்ல சாப்பாடு எல்லோருக்கும் உரியது என்பதுதானே நம் கோரிக்கை? அப்படியானால் ருசியைப் பேசக் கூசுவதில் அர்த்தமில்லை.

பில் வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். தலைக்கு 24,200 யென். 2024 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்ச மணிக்கூலி 1,163 யென் ஆனது. அந்தக் கூலிக்காரர் என் நாற்காலியில் உட்கார இருபது மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். நண்பர் பணத்தை ஒரு சின்னத் தட்டில் வைத்தார். சமையற்காரர் வாசல்வரை வந்து குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். பக்கத்துச் சந்தில் அந்தப் பையன் எண்ணெய் டின்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரமாக வைத்தான். மூடியை அழுத்திச் சரிபார்த்துவிட்டு உள்ளே போனான். அடுத்த எட்டு மணி ஆட்டத்துக்கு ஆட்கள் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.